அண்ணனின் தலைக்குள் இருந்த இடைவெளி

அண்ணனுக்குக் கணபதி பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை இருந்தது. குடிப்பழக்கம் வெகுநாளாக உண்டு. முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரைகள் பிறகு சேர்ந்துகொண்டன. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. பிராந்தியோடு சேர்த்தே விழுங்கினார். நாங்கள் குடியை மட்டும்தான் திட்டினோம். மாத்திரையை மருந்து என்றே நினைத்தோம். நானே இரண்டு முறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு காலை, பட்டறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் என்னிடம் சொன்னார்:

"இப்பத்தான் அம்மணி, பட்டறைக்குப் போயிட்டு வாரேன். நாலு ஷாஃப்ட்டு கடைஞ்சு முடிச்சுப்போட்டேன்."

கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

அன்று மாலை டாக்டரம்மா என்னையும் நங்கையாவையும், அதாவது அண்ணன் மனைவியையும், அழைத்து ஸ்கேன் படத்தைக் காட்டினார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் கறுப்பாக இடைவெளி தெரிந்தது.

"இந்த வயசுக்கு இவ்வளவு இடைவெளி இருக்கக் கூடாதுங்க. மூளை சுருங்கியிருக்கு. குடியோட மாத்திரையும் சேர்ந்ததுல சேதம் அதிகமாயிருச்சு. முன்பக்கம் பாருங்க, கோபத்தை அடக்கறது, யோசிச்சு முடிவெடுக்கறது எல்லாம் இங்கதான்."

நங்கையா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்னையும் எம் பொண்ணையும் பெல்ட்டுல அடிச்சதெல்லாம் இந்த வியாதிங்களா, அவருங்களா?"

"அதைப் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலீங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

போதை மறுவாழ்வு மையத்தில் அண்ணன் மூன்று மாதம் இருந்தார். திரும்பியபின் குடி, மாத்திரை இரண்டையும் தொடவில்லை. தள்ளாடிய நடை ஓரளவு தேறியது. ஆனால் கடந்த சில வருடங்கள் அவரிடமிருந்து மொத்தமாக அழிந்துபோயிருந்தன. பட்டறையை நங்கையா ஆள் வைத்து நடத்தினார்.

ஒரு ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சரவணம்பட்டியில் கல்லூரிக்குப் போகும் தன் மகளை அண்ணன் பாசத்தோடு பார்த்தார். என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார்:

"இவ மேல நான் ஒருநாளும் கை நீட்டுனதே இல்ல. கேட்டுப் பாரு. ஏங் கண்ணு, அப்பன் அடிச்சிருக்கனா?"

அவள் இடது காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு எனக்குத் தெரியும்.

"இல்லீங்கப்பா" என்றாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து உள்ளே போனாள். நங்கையா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் ஓடினார்.

அண்ணன் என்னிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.