முனியப்பன் காலடியில் ஏழு பந்துகள்

என் கோல்ஃப் பந்தை முனியப்பன்தான் இழுக்கிறார் என்று ஐம்பது வயதில் நம்பியவன் நான். புது மட்டைக்குப் பூஜை போட்டு, கைப்பிடியில் கறுப்புக் கயிறு கட்டிய நாளிலிருந்து, எப்படி அடித்தாலும் பந்து வலப்பக்கம் வளைந்து, மைதானத்து ஓரத்து முனியப்பன் சிலையிடமே போனது. பயந்துபோய் இன்னொரு கயிறும் கட்டினேன். பந்து இன்னும் அதிகமாக வளைந்தது. மறுநாள் சம்பந்தியோடு போட்டி. தோற்றால் ஆயுளுக்கும் கிண்டல்தான்.

போட்டியன்று விடியற்காலைப் பனிமூட்டத்தில், அதுவரை தொலைத்த ஏழு பந்துகளையும் தேடிப் போனேன். சிலையின் காலடியில் என் பந்துகள் ஏழும் வரிசையாக இருந்தன. மேலே, உருட்டிய கண்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்:

"ஏனுங்க, இன்னும் எத்தனை படையல் போடுவீங்க?"

நான் போட்ட கூச்சலில் மயில்கள் பறந்தன. மைதானத்தில் புல் வெட்டும் சரசக்கா நின்றிருந்தார்.

"பந்தைப் பொறுக்கி வெச்சது நாந்தானுங்க. தெனமும் பாக்கறேன், அந்தக் கயித்து முடிச்சு மேல உங்க கை உக்காராம திரும்பிக்குது, அதான் பந்து வளையுதுங்க. மொதல்ல கயித்தை அவுத்துப்போடுங்க."

"சாமி கயிறுங்க்கா!"

"சாமிக்குப் பந்து வேண்டாமுங்க."

இரண்டு கயிற்றையும் அவிழ்த்தேன். இடக்கை கைப்பிடியில் முழுதாகப் பதிந்தது. அடித்த பந்து நேராகப் போய்ப் புல்வெளி நடுவில் விழுந்தது. முனியப்பன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.