இரண்டு பந்தயம், ஒரு ஜோடி டயர்

மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு மதுரையில் சைக்கிள் டயர் கண்ணில் படாத பொருளாகிவிட்டது. இருக்கிற ரப்பரெல்லாம் பட்டாளத்துக்கே போதவில்லை என்றார்கள். கடைக்காரர்கள் கிழிந்த டயருக்குள் இன்னொரு கிழிந்த டயரின் துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். கிராமத்துப் பக்கம் டியூப் இல்லாமல் வைக்கோலைத் திணித்து ஓட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் என் வாழ்க்கையிலேயே அதிகமாக சைக்கிள் மிதித்தேன். அதில் முக்கால்வாசியை வில்லாபுரத்தில் எங்கள் வாடகை வீட்டின் ஒற்றை அறைக்குள், ஓரடி கூட நகராமல் மிதித்தேன்.

நான் ஒரு பஞ்சாலையில் டைம்கீப்பராக இருந்தேன். அதே ஆலையில் பஞ்சுப் பொதி இறக்கும் இடத்தில் வேலை பார்த்தவன் என் மச்சான். அவனுக்கு ஊர் அவனியாபுரம். கொஞ்சம் நிலமும் இருந்தது. முதலில் சிநேகிதர்களாக இருந்தோம், பிறகு அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டேன். அதனால் எங்களுக்குள் வா, போ என்ற பேச்சு மாறவே இல்லை. அவனுக்கும் எனக்கும் சைக்கிள் பந்தயப் பைத்தியம். திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் யாராவது பந்தயம் வைத்தால் பேர் கொடுத்துவிடுவோம். பெரிதாக எதையும் ஜெயித்ததில்லை. ஒருமுறை அவனுக்கு ஒரு வேட்டி கிடைத்தது, எனக்கு ஒரு பித்தளைக் கூஜா.

அந்த வருடம் ஐப்பசியில், மேலமாசி வீதியில் ஒரு கடையில் கடைசியாக ஒரு ஜோடி டயர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினோம். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் உறைத்தது. இரண்டு பேர், ஒரு ஜோடி டயர். வரப்போகிற பந்தயங்களும் இரண்டு. தை மாதம் பொங்கலை ஒட்டி மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம், கப்பலூர் வழியாகத் திருமங்கலம் போய்த் திரும்புவது ஒன்று. பங்குனியில் தல்லாகுளத்தில் புறப்பட்டு மேலூரைத் தாண்டிக் கொட்டாம்பட்டி வரை போய்த் திரும்புவது இன்னொன்று. முதலாவது நம் ஆட்கள் மட்டும் ஓட்டுவது. இரண்டாவதுக்குத் திருச்சியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

டயரை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, நீ எதுல ஓடப் போற? இப்பவே சொல்லிப்புடு."

"நீ சொல்லு."

"நான் சொன்னா, அப்புறம் நீ மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரிவ. நீயே சொல்லு."

திருமங்கலம் பந்தயம் எனக்குப் பழகிய பாதை, அதில் ஏதாவது ஒரு இடம் நிச்சயம் வரும். ஆனால் கொட்டாம்பட்டிப் பந்தயத்தில் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதைக் கேட்டால் முதலில் டயர் அவன் கைக்குப் போகும். கப்பலூர்ப் பக்கம் ஒரு கல் பட்டுக் கிழிந்துவிட்டால் பங்குனியில் எனக்கு ஒன்றுமே இல்லை. முதல் பந்தயத்தை நான் எடுத்துக்கொண்டால் அதே கவலை அவனுக்கு.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "டயரு வாங்குறதுக்கு முன்னாடி இதப் பேசியிருக்கக் கூடாதா ரெண்டு பேரும்?"

"எனக்குப் பெருசு," என்றேன் கடைசியில்.

"சரி. எனக்குச் சின்னது," என்றான் மச்சான். முகத்தில் வருத்தமா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை.

டயரை என் மனைவியின் பழைய சேலையில் சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்டேன். எலி கடிக்குமோ என்று ஒரு பயம், ஓட்டு இடுக்கு வழியாக வெயில் விழுந்து ரப்பர் வெடிக்குமோ என்று இன்னொரு பயம். ஆலையிலிருந்து வந்ததும் வராததுமாக அண்ணாந்து பார்ப்பேன்.

மச்சான் தன் சைக்கிளில் வைக்கோல் அடைத்த பழைய டயரோடு வண்டிப்பாதையில் ஓட்டிப் பழகினான். என் சைக்கிளின் பின் டயர் அதற்கும் லாயக்கில்லாமல் போயிருந்தது. ஆலைக்கு நடந்தே போனேன். ஒரு தச்சரிடம் சொல்லி இரண்டு மரக்கட்டைகளில் பள்ளம் செதுக்கி வாங்கி, பின் சக்கரத்தின் அச்சை அதில் உட்கார வைத்தேன். டயர் இல்லாத வெறும் ரிம் தரையைத் தொடாமல் சுற்றியது. முதல் நாள் ஏறி மிதித்தபோது சிரிப்பு வந்தது. காற்றை மிதிப்பது போல இருந்தது, கால் வலிக்கவே இல்லை. அப்படிப் பழகினால் என்ன பிரயோசனம்? ஆலையில் அறுந்து கிடந்த ஒரு தோல் பெல்ட்டை ரிம் மேல் போட்டு, ஒரு முனையைக் கட்டையில் அடித்து, மறு முனையில் அம்மிக் குழவியைக் கட்டித் தொங்கவிட்டேன். அதன் பிறகுதான் மேட்டில் ஏறுவது போலக் கால் கனத்தது.

காலையில் என் மனைவி உலை வைக்கும்போது நான் ஏறுவேன். தண்ணீர் கொதிக்கும் வரை நிதானம். அரிசி போட்டதிலிருந்து வடிக்கும் வரை மூச்சு முட்டுகிற வேகம். அவள் சோற்றை வடித்துக் கவிழ்த்ததும் இறங்கிவிடுவேன். நடுவில் சில நாள் வந்து நிற்பாள்.

"கொழவியக் குடுங்க. தொவையல் அரைக்கணும்."

"கொஞ்சம் பொறு."

"பொறுத்தா ஒங்களுக்குத்தான் சோத்துக்கு ஒண்ணும் இருக்காது."

பிறகு குழவிக்குப் பதில் ஒரு மணல் மூட்டையைக் கட்டினேன். அறைக்குள் காற்று இருக்காது. வேர்வை சொட்டி, மிதிக்குக் கீழே தரை ஈரமாகிவிடும். தோல் சூடாகிக் கருகிய வாடை வரும். முன் வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரம்மா, சுவர் அதிர்கிறது, என்னவோ உறுமுகிறது என்று சண்டைக்கு வந்தாள். என் மனைவி அவளைக் கூட்டி வந்து காட்டியதும், "எங்க போறதுக்கு இம்புட்டு வேகமா மிதிக்கிறாரு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. ரோட்டில் போனால் மைல்கல் வரும், மரம் பின்னால் போகும், முன்னால் போகிறவன் முதுகு கிட்டே வரும். இங்கே எதிரில் சுவர்தான். நேற்றைவிட இன்று தேறியிருக்கிறேனா இல்லையா என்று சொல்ல எதுவும் இல்லை. கால் பலமாகிறதா, இல்லை வீணாகத் தேய்கிறதா? ஆலைக்கு நடக்கும்போது தொடையை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே போவேன். ஒரு நாள் இறங்கியதும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள் என்று மறுநாள் தெரிந்தது. கேட்காமலேயே ஒரு சொம்பு பழைய சோற்று நீச்சத்தண்ணியில் உப்புப் போட்டு மிதியருகே வைத்திருந்தாள்.

பொங்கல் வந்தது. மச்சானின் சைக்கிளுக்கு நானே டயரை மாட்டிக் காற்றடித்துக் கொடுத்தேன். பந்தயத்தன்று விடிந்ததும் ஒரு மாட்டு வண்டியில் ஏறிக் கப்பலூர் போய்விட்டேன். அப்போது கப்பலூரில் கரிசல் காடும் கொஞ்சம் பனையும்தான். நான் அங்கே போனதற்குக் காரணம், அந்த இடத்தில் ரோட்டில் புதிதாகக் கப்பி கொட்டிப் பரப்பியிருந்தார்கள் என்று முந்தின நாள்தான் தெரிந்தது. உருளை இன்னும் ஓட்டவில்லை. கல் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நின்றது. மச்சானிடம் சொல்லியிருந்தேன். "பாத்துக்கிறேன் மாப்ள," என்று மட்டும் சொன்னான்.

போகும்போது எல்லோரும் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கிப் போய்விட்டார்கள். திரும்பி வருவதற்குள் திருமங்கலத்துச் சந்தை வண்டிகள் வரிசையாக வந்து அந்த ஓரத்தை அடைத்துக்கொண்டன. தூரத்தில் புழுதி தெரிந்தது. முதலில் வந்தவன் மச்சான். அவனுக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு நாலைந்து பேர். அப்படியே ஓட்டு என்று கத்தலாமா, வேண்டாம் இறங்கு என்று கத்தலாமா? முடிவு செய்வதற்குள் அவன் கிட்டே வந்துவிட்டான்.

மச்சான் கப்பிக்கு முன்னால் குதித்து இறங்கினான். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு அந்தக் கல் மேல் ஓடினான். அவன் பாதி தூரம் போவதற்குள் பின்னால் வந்தவர்கள் கடகடவென்று கல் மேலேயே ஓட்டிக் கடந்து போனார்கள். அதில் ஒருவனுக்கு மட்டும் டயர் வெடித்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவனுக்கு நான்காவது இடம். சாயந்தரம் என் வீட்டில் பாதத்தில் இருந்த கீறல்களுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் எறங்குன? மத்தவனெல்லாம் ஓட்டிட்டான்ல?"

"ஒருத்தனுக்கு வெடிச்சுச்சுல்ல. அது நானா இருந்தா?"

"ஜெயிச்சிருப்ப மச்சான்."

"இருக்கலாம். நீ அங்க வந்து நின்ன மூஞ்சியப் பாத்தேன். பொணத்த வச்சுக்கிட்டு நிக்கிறவன் மாதிரி நின்ன. எறங்கிட்டேன்."

என் மனைவிக்கு இரண்டு பேர் மேலும் கோபம். சோற்றுத் தட்டை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு பயத்தின் நிறம் மாறிவிட்டது. முன்பு டயருக்காகப் பயந்தேன். இப்போது அவன் விட்டுக்கொடுத்ததற்கு நான் தகுதியாக ஓட்ட வேண்டுமே என்ற பயம். மணல் மூட்டையைப் பெரிதாக்கினேன். வலது முழங்காலில் ஒரு குத்தல் வந்தது. மாசி மாதம் ஒரு நாள் அவனியாபுரத்துக்கு நடந்து போய், "பங்குனியிலயும் நீயே ஓட்டு மச்சான்," என்றேன்.

அவன் களத்தில் கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. "என் காலு அம்புட்டுத் தூரம் தாங்காது. ஒனக்குப் பயமா இருந்தா பயந்துக்கிட்டே ஓட்டு. யார் வேணாங்குறா?"

பங்குனியில் அந்த டயரை என் சைக்கிளில் மாட்டித் தல்லாகுளத்தில் கிளம்பியபோதுதான் அறைக்குள் பழகியதன் குறை தெரிந்தது. காலில் அப்படி ஒரு பலம், எனக்கே ஆச்சரியம். ஆனால் கை பழக்கம் விட்டுப் போயிருந்தது. மாதக் கணக்கில் சாயாத சைக்கிளில் உட்கார்ந்திருந்தவனுக்கு, தோளோடு தோள் உரசிப் போகிற கூட்டத்தில் ஹேண்டில் ஆடியது. ஒத்தக்கடை வளைவில் ஒருவனின் முழங்கை பட்டு யானைமலைப் பக்கச் சரிவில் விழப் பார்த்தேன். அதன் பிறகு கூட்டத்தை விட்டு விலகி ஓரமாகத் தனியாகவே ஓட்டினேன். மற்றவர்கள் ஒருவன் மறைவில் ஒருவன் போனார்கள். காற்று முழுவதும் என் நெஞ்சில்.

மேலூர் தாண்டியதும் பலர் பின்தங்கினார்கள். கொட்டாம்பட்டியில் திரும்பும்போது எனக்கு முன்னால் மூன்று பேர்தான். வெயில் ஏறிவிட்டது. அனல் காற்று எனக்குப் புதிதில்லை, அறைக்குள் அதைவிட மோசமாக வெந்திருக்கிறேன். முன்னால் போன திண்டுக்கல்காரன் ஒரு புளிய மர நிழலில் இறங்கி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முழங்கால் குத்திய ஒவ்வொரு முறையும், இதோ நின்றுவிடப் போகிறது என்று நினைத்தேன். பின் சக்கரத்தில் சின்னச் சத்தம் கேட்டாலும் குனிந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மைல்கூட நான் சந்தோஷமாக ஓட்டவில்லை.

மூன்றாவதாக வந்தேன். கையளவு ஒரு வெள்ளி முலாம் கோப்பை கொடுத்தார்கள். திருச்சிக்காரர்கள் இரண்டு பேருக்கு அடுத்தது நான் என்று யாரோ முதுகில் தட்டினார்கள். இறங்கியதும் கால் மடங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மச்சானும் என் மனைவியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் என் முழங்காலைப் பார்த்தாள். பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

மூன்று பேரும் வைகைப் பாலத்தின் மேல் மெதுவாக நடந்தோம். சைக்கிளை மச்சான் தள்ளிக்கொண்டு வந்தான். ஆற்று மணலில் வெளுத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"போயிட்டு வார வரைக்கும் பயந்துக்கிட்டேதான் ஓட்டுனேன் மச்சான்," என்றேன்.

"நானுந்தான்."

"நீ எதுக்கு? நீ இங்க நெழல்ல நின்ன."

"அதான் மாப்ள கொடுமை. ஓட்டுறவனுக்காச்சும் கால்ல வேலை இருக்கு. அன்னைக்குக் கப்பலூர்ல நீ நின்ன நெலமையத்தான் நெனச்சுக்கிட்டே நின்னேன்."

என் மனைவி முன்னால் நடந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நிக்காம வாங்க. வெயிலு மண்டையப் பொளக்குது," என்றாள். கோப்பையைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். நான் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன்.