இரண்டாவது கையெழுத்து

பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்கு வெல்டரின் மகள் வருவது இது பதினோராவது முறை. அவளைப் பார்த்ததுமே குமாஸ்தா அக்கா, "வந்துட்டியா? உனக்குன்னு ஒரு நாற்காலியே போட்டுடலாம்" என்றார்.

அவள் படித்தது இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய படிப்பு. இங்கே மூன்று வருடம், அங்கே ஒரு வருடம். முடிவில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரே பட்டம் தரவேண்டும். அவள் கடைசித் தேர்வு எழுதிய மாதத்தில் ஒப்பந்தம் முறிந்துவிட்டது. இனிமேல் கையெழுத்திட முடியாது என்றார்கள் அங்கே. அவர்கள் போடாமல் பட்டம் செல்லாது என்றார்கள் இங்கே.

அக்கா இன்று பீரோவைத் திறந்து சான்றிதழையே எடுத்துக் காட்டினார். பெயர் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. இடப்பக்கம் துணைவேந்தரின் கையெழுத்து இருந்தது. வலப்பக்கம் வெறும் கோடு.

"வேலையில சேர நாளைக்குத்தான் கடைசி நாள், அக்கா."

"தெரியுதும்மா. ஆனா மேலேருந்து ஆர்டர் வந்துடுச்சு. அங்க படிச்சது கணக்குல வராதாம். இங்கேயே இன்னொரு வருஷம் படிக்கணுமாம்."

படியிறங்கும்போது பட்டறையிலிருந்து அப்பா போனில் அழைத்தார்.

"கைக்கு வந்துடுச்சாம்மா?"

"இல்லப்பா. ஒரு கையெழுத்து பாக்கி."

"ஒண்ணுதானே! நாலு வருஷம் படிச்ச பொண்ணுக்கு ஒரு கையெழுத்தா போட மாட்டாங்க? பேனா இல்லேன்னா நான் வாங்கித் தரேன்னு சொல்லு."

அவர் சிரித்தார். பக்கத்தில் யாரோ சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சரிப்பா" என்றாள் அவள்.