கசிமிரின் வலது முட்டி

சுரங்க ஊரான பிராஷ்கூரின் கால்பந்து கிளப் வரலாற்றைச் சொல்லும் மலர் ஒன்றைச் சில வருடங்களுக்கு முன் அச்சடித்தார்கள். தலைவர்கள், கோப்பைகள், 1934இல் தொழில்முறை அணியாக ஆனது, இரண்டாம் டிவிஷனில் சாம்பியன் ஆனது என எல்லாம் அதில் உண்டு. லியோன்தின் தூப்ரூயின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. இருபத்துமூன்று வருடம் அந்தக் கிளப்பிலிருந்து வெளியே போன ஒவ்வொரு கடிதத்தையும் தட்டச்சு செய்தவள் அவள். மலரைத் தொகுத்த புண்ணியவான்களுக்கு அவளைத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவளே பெயரை எடுக்கச் சொல்லியிருப்பாள்.

1946இல் அவள் கணவன் சுரங்கத்தில் மண் சரிந்து இறந்தான். சுரங்கக் கம்பெனியின் வீடு சுரங்கத்தில் உழைப்பவனுக்குத்தான். ஆள் போனால் வீடும் போகும். காலி செய்யக் கொடுத்த கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் தெக்ருவா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர், கிளப்பின் தலைவரும் அவரே. டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று பொய் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெரு பள்ளி ஆசிரியையிடம் போய் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். வீடு தங்கியது.

அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்டவன் முப்பத்தைந்து வயது வரை அந்தக் கிளப்புக்கே சொந்தம். கிளப் விரும்பினால் அவனை விற்கலாம், வைத்துக்கொள்ளலாம், மூலையில் உட்கார வைக்கலாம். அவன் விரும்பினால் ஒன்றும் செய்ய முடியாது. லியோன்தின் அந்த வரியை நூறு தடவையாவது அடித்திருப்பாள். மாட்டுச் சந்தை ரசீது மாதிரி இருக்கிறதே என்று ஆரம்பத்தில் தோன்றியது. பிறகு விரல் பழகிவிட்டது, மனசும் பழகிவிட்டது.

1957இல் கசிமிர் ரதாய்ச்சக் அப்படித்தான் கையெழுத்துப் போட்டான். போலந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளியின் மகன், பதினெட்டு வயது, இடதுபுறம் ஓடுகிறவன். ஓடினால் காற்றுக்கும் மூச்சு வாங்கும் என்று ஊரில் சொல்வார்கள். அவன் வீடு லியோன்தின் வீட்டுக்கு மூன்று கதவு தள்ளி. அவன் அம்மா ஹெலேனா நாள் முழுக்க அடுப்பில் சிக்கரி காபியைச் சூடாக வைத்திருப்பாள், வேலை முடிந்து வரும் லியோன்தினை ஒரு கோப்பை குடிக்காமல் தாண்டிப் போக விடமாட்டாள்.

1963 மே மாதம் மேற்குக் கடற்கரைத் துறைமுக நகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் டிவிஷன் கிளப். கசிமிரைத் தங்களுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். தெக்ருவா கதவைச் சாத்தினார். மறுத்தால் இன்னும் கேட்பார்கள், பத்திரிகையில் வரும், பையன் காதுக்குப் போகும், பிறகு அவன் இங்கே மனம் ஒட்டி ஆடமாட்டான். ஆகவே மறுக்கக் கூடாது, அவர்களே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மனிதருக்கு மூளை நன்றாகத்தான் வேலை செய்தது.

“எழுதுங்க மதாம். வலது முட்டி தேய்ஞ்சு போச்சு, ஊசி போட்டுக்கிட்டுதான் ஒவ்வொரு ஆட்டமும் ஆடுறான், இன்னும் ஒரு வருசம் தாங்கினா பெரிசு.”

லியோன்தினின் விரல் நின்றது. கசிமிரின் முட்டியில் ஒன்றுமில்லையே என்றாள்.

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்கு எதுக்கு?” என்றார் தெக்ருவா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு சொன்னீங்களே, ஆள் அனுப்பட்டுமா?” என்று கேட்டார்.

அவள் அடித்தாள். மறுநாளே கூரை சரி செய்ய ஆள் வந்தான்.

ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கால்பந்து உலகம் சின்ன உலகம், வாய் மட்டும் பெரிது. துறைமுகத்துப் பயிற்சியாளர் இன்னொருவரிடம் சொன்னார், அவர் நாலு பேரிடம் சொன்னார். கசிமிர் நன்றாக ஆடினால் ஊசி நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். சுமாராக ஆடினால் பாவம், முட்டி என்றார்கள். யாரும் அவனைத் தேடி வரவில்லை. பிராஷ்கூரில் மட்டும் இந்தப் பேச்சு யாருக்கும் தெரியாது. லியோன்தின் தினமும் ஹெலேனாவின் காபியைக் குடித்தாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வரும். கூரையை நினைத்து மென்று விழுங்குவாள். கோழைத்தனம்தான், அவளும் அதை வேறு பெயரால் அழைத்ததில்லை.

1969இல் சட்டம் மாறியது. ஒப்பந்தம் இனி இத்தனை வருடம் என்று பேசிப் போடுவதுதான், ஆயுள் பிடி ஒழிந்தது. கசிமிருக்கு முப்பது வயது. முதல் டிவிஷனில் ஒரு வருடமாவது ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சில்லை. கல்யாணத்தைக்கூட அதற்காகத் தள்ளி வைத்தவன். கிளப்புகளுக்குக் கடிதம் எழுத வேண்டும், யாரிடம் போவான்? நேரே லியோன்தினிடம்தான் வந்தான்.

ஒன்பது கிளப்புகளுக்கு அவளே அடித்துக் கொடுத்தாள். ஏழு பதில் வந்தன. ஏழும் மரியாதையான பதில்கள், ஏழிலும் முட்டி இருந்தது. அதன் நிலை தெரியும், வருந்துகிறோம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கசிமிர் முதலில் சிரித்தான். நாலாவது கடிதத்தில் சிரிப்பு நின்றது. டாக்டரிடம் போய் முட்டியை எக்ஸ்ரே படம் எடுத்தான், ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஏழு பேர் சொல்வது பொய்யா, ஒருத்தர் சொல்வது பொய்யா என்று யோசிக்க ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லியோன்தின் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவன் மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் கால் ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தான். வலது முட்டியில் துணிக்கட்டு. காலையில் கொஞ்சம் வலித்த மாதிரி இருந்தது என்றான்.

அவள் அங்கேயே, ஹெலேனா இருந்த அடுப்படியில் நின்றபடியே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடிதம், தெக்ருவா, கூரை, எதையும் மறைக்கவில்லை.

ஹெலேனாதான் முதலில் பேசினாள், குரல் உயரவே இல்லை.

“ஆறு வருசமா இதே நாற்காலியில உக்காந்து காபி குடிச்சீங்களே, மதாம்.”

லியோன்தின் தலை குனிந்து அழுதபடி நின்றாள். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய அடி, வாங்கிக்கொண்டாள். பிறகு கசிமிர் வாயைத் திறந்தான்.

“அழுதது போதும். இன்னொரு கடிதம் எழுதுங்க. இந்தத் தடவை நெசத்த எழுதுங்க.”

அன்று சாயங்காலமே அந்த ஏழு கிளப்புகளுக்கும் எழுதினாள். 1963இல் அடித்த பொய்யை அப்படியே சொல்லி, அடித்தது நான்தான் என்று தன் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். கிளப் கோப்பில் இருந்த பொய்க் கடிதத்தின் நகலும் டாக்டர் எடுத்த படத்தின் நகலும் கூடவே போயின. அனுப்பினால் என்ன ஆகும் என்று தெரியாதவள் அல்ல. பத்தாம் நாள் தெக்ருவா அவளை வேலையிலிருந்து நீக்கினார். வீட்டை மாத இறுதிக்குள் காலி செய்யச் சொல்லிக் கம்பெனியிலிருந்து தாள் வந்தது. ஆனால் தெற்கிலிருந்து கசிமிருக்கும் ஒரு தாள் வந்தது. முதல் டிவிஷன் கிளப் ஒன்று, செவ்வாய்க்கிழமை வந்து ஒரு பயிற்சி ஆட்டம் ஆடிக் காட்டச் சொல்லியிருந்தது. வீடு போனாலும் போகட்டும் என்று லியோன்தினுக்கு இருந்தது. வருடக்கணக்கில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அறிந்ததில்லை.

வியாழக்கிழமை காலை அவள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கசிமிர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். கட்டு இல்லை, நடையில் நொண்டல் இல்லை. பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடியதாகச் சொன்னான். எதிரணியின் கோல் கோடு வரை ஓடிப் போய் இரண்டு பந்து கொடுத்திருக்கிறான், பயிற்சியாளர் எழுந்து நின்று பார்த்திருக்கிறார்.

“அப்புறம் ஒரு பந்து நடுவுல வந்துச்சு மதாம். எனக்கும் பாதி, அவங்க ஆளுக்கும் பாதி. அவன் சறுக்கிட்டு வந்தான்.”

அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“முட்டிக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். படம் பார்த்தேன், நீங்களும் சொல்லிட்டீங்க. இருந்தும் கால இழுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் வந்த எல்லாப் பந்துக்கும் இழுத்துக்கிட்டேன்.”