தலையாட்டினால் ஏறும் சீலா மீன்

எட்டாம் வகுப்பில் அரையாண்டுப் பரீட்சைக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். அதற்குப் பிறகு லாரி, உப்பளம், கொச்சியில் ஒரு ஓட்டல், வளைகுடாவில் ஒரு ஓட்டல் என்று எங்கெங்கோ இருந்தேன். மறுபடி ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒரு மாதம் ஒழுங்காக இருந்தது தூத்துக்குடிக் கடலோரத்தில்தான், கோடை முகாமுக்குச் சமையல்காரனாக.

வளைகுடா ஓட்டலை மூடிவிட்டதால் ஊர் திரும்பியிருந்தேன். வீடு கிடையாது. பன்னிரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். மோசமில்லை, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தால் நல்ல தூக்கம். அங்கே டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சிதான், பள்ளிக்கூடத்தில் முகாமுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"முட்டைய உடையாம அவிக்கத் தெரியுமா?"

தெரியும் என்றேன். இரண்டு வேளைச் சோறும், படுக்க ஸ்டோர் ரூமும் கிடைத்தன. அரிசி மூட்டைமேல் படுத்தால் முதுகுவலி போய்விடும் என்பது அங்கே நான் கற்றது.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வீட்டில் அப்பாக்கள் சும்மா இருந்தார்கள், பானைகளும் சும்மா இருந்தன. பிள்ளைகள் முகாமுக்கு வந்தது மத்தியானச் சோற்றுக்கும் முட்டைக்கும்தான். பெரிய டீச்சர் இதை யாரிடமும் மறைத்ததில்லை. "முட்டைக்கு வாரவன் நாலு எழுத்தோட வீட்டுக்குப் போட்டும்" என்பார்.

கணக்குச் சொல்லித்தர வந்த கல்லூரிப் பெண்ணுக்கு மூன்றாம் நாளே வேறு வேலை கிடைத்துவிட்டது. பெரிய டீச்சர் நேராக அடுப்படிக்கு வந்தார்.

"சோறு வெந்த பெறகு சும்மாத்தான இருக்கீரு. பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்குடும்."

"டீச்சர், நான் எட்டாவதே முடிக்கல."

"நூறு வரைக்கும் தெரியுமில்லா?"

தெரியும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

எண் எழுதிய அட்டைகளைக் காட்டினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி மட்டும், நான்காம் வகுப்பு, முன்பல் இல்லாதவள், "இது எந்த மீனோட வெல?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கிறவள். எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. முட்டை வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டிச் சீலா, பாறை, ஊளி என்று மீன் செய்தேன். துறைமுகத்தில் நடப்பதுபோல ஏல விளையாட்டு: எண் அட்டையில் உள்ள எண்ணில் ஏலம் தொடங்கும். ஒவ்வொன்றாக ஏறும். முன்பல் இல்லாதவள்தான் ஏலக்காரி.

எங்கள் பக்கத்து ஏலத்தில் பெரிய வியாபாரிகள் வாய் திறப்பதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், தலை மட்டும் அசையும். ஒரு அசைவுக்கு ஒரு ஏற்றம். ஈயை விரட்டினேன், கழுத்து சுளுக்கு என்றெல்லாம் அப்புறம் சொன்னால் எடுபடாது. மீன் உன்னுடையதுதான். இந்தச் சட்டம் அந்தப் பிள்ளைகளுக்கு அகர வரிசையைவிட நன்றாகத் தெரியும். இரண்டு வாரத்தில் நூறு வரைக்கும் ஏறி இறங்கினார்கள். போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டன.

அப்போதுதான் கல்விக் குழு ஆய்வுக்கு வருகிறது என்று கடிதம் வந்தது. இரண்டு பள்ளிகளில் முகாம் நடந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றைத்தான் மேலும் பதினைந்து நாள் நீட்டிப்பார்களாம், எங்கே பிள்ளைகள் தேறியிருக்கிறார்களோ அங்கே. அதாவது, தெரியாத பிள்ளைக்கு மேலும் சொல்லித்தர வேண்டுமென்றால் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். இது என்ன நியாயம் என்று பெரிய டீச்சரிடம் கேட்டேன். "எனக்குக் கேள்வி கேக்கத் தெரியாதுன்னா நெனைக்கீரு?" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. நீட்டிப்பு கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்கு முட்டை இல்லை, எனக்கு அரிசி மூட்டை இல்லை.

ஆய்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வார்டு கவுன்சிலரம்மா, கருவாட்டு வியாபாரம் உள்ள குடும்பம். இன்னொருவர் அதிகாரி, உள்நாட்டுக்காரர், ஒல்லியான நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். தண்ணீர்த் தொட்டியைக் காட்டியதற்குத் தலையாட்டினார். கழிப்பறைக்குக் கதவு இல்லை என்றதற்கும் தலையாட்டினார். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன எண்ணு? சொல்லு பாப்போம்."

முன்பல் இல்லாதவள் எழுந்தாள். "முப்பத்தேழு!"

அதிகாரி சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"முப்பத்தெட்டு!"

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இல்லம்மா. மொதல்ல சொன்னதுதான் சரி." மறுபடி தலையாட்டினார்.

"முப்பத்தொம்பது! சாரு முப்பத்தொம்பது! ஒரு தரம்!"

பின்வரிசையில் ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு தலையை அசைத்தான். நாற்பது. அவனுக்கும் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று அதிகாரி அவன் பக்கம் திரும்பித் தலையாட்டினார். நாற்பத்தொன்று. பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கவுன்சிலரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் சுவரோடு சுவராக நின்றார். நான் அகப்பையோடு வாசலில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று பலமாகத் தலையை ஆட்டினேன்.

"சமையல் அண்ணாச்சி அம்பத்திரெண்டு!"

ஏலத்தில் தலை எந்தப் பக்கம் அசைந்தால் என்ன, அசைவு அசைவுதான். அதற்குப் பிறகு நான் மூச்சுகூட விடவில்லை. அதிகாரிக்கு அந்த விவரம் இல்லை. "பொறுமை, பொறுமை" என்று அவர் தலையாட்டத் தலையாட்ட ஏறிக்கொண்டே போனது.

"எழுவத்தொண்ணு! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! சாரு எடுத்தாச்சி!"

ஒரு ஆள் நீளமுள்ள அட்டைச் சீலாவை இரண்டு பிள்ளைகள் தூக்கிவந்து அவர் மடியில் போட்டார்கள்.

"எனக்கு எதுக்கும்மா இது?"

"எடுத்தா தூக்கிட்டுப் போவணும் சார். பெறகு வேண்டாம்னு சொல்லுத ஆள மறுநா ஏலத்துல சேக்க மாட்டாவ."

கவுன்சிலரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். "நீங்க தலையாட்டினீங்க சார், நானே சாட்சி. எங்க வீட்டு ஆளு இப்படித்தான் ஒரு தும்மலுக்கு ஒரு கூடை திருக்கை மீனு தூக்கிட்டு வந்தாவ. ரெண்டு நாளு வீடே நாறிச்சி."

அதிகாரி மீனைப் பார்த்தார். பிறகு தாடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"முப்பத்தேழுலேந்து எழுவத்தொண்ணு. எத்தனை தடவ ஏறிச்சு?"

"முப்பத்திநாலு" என்றாள் அவள், விரலைக்கூடப் பார்க்காமல். "அதுல பாதிக்கு மேல நீங்கதான் சார்."

அவர் தலை அசையப் பார்த்தது. கை விடவில்லை.

அவர் படிவத்தில் எழுதியதைப் பெரிய டீச்சர் மூன்று முறை வாசித்தார். பிறகு எனக்கும் வாசித்துக் காட்டினார். 'பிள்ளைகள் எண்களை நன்கு அறிவார்கள். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. எனவே மேலும் பதினைந்து நாள் பயிற்சி அவசியம்.'

"நாளைக்கு நாலு முட்டை சேத்து அவியும்" என்றார். அன்று சாப்பிட்டார். இரண்டாவது முறையும் சோறு கேட்டார்.

அதிகாரி ஸ்கூட்டரில் சீலாவைக் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு போனார். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் எதிரே வந்த மினி பஸ் ஒதுங்கி வழிவிட்டது.

பதினைந்து நாள் கழித்து மறுபடி ஆய்வுக்கு வந்தார். தடைக்காலம் முடியப்போகிறது, ஒரு விசைப்படகில் சமைக்க ஆள் கேட்டிருந்தார்கள், நான் கிளம்பத் தயாராக இருந்தேன். பிள்ளைகள் அவரைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முன்பல் இல்லாதவளுக்குப் பாதிப் பல் முளைத்திருந்தது. மேசைமேல் ஒரு புது அட்டைப் பாறை மீன் தயாராகக் கிடந்தது.

"சார், டீ குடிக்கீயளா?" என்றாள், ரொம்ப அன்பாக.

அதிகாரி அவளைப் பார்த்தார். மீனைப் பார்த்தார்.

"குடிப்பேன்" என்று வாயால் சொன்னார். கழுத்து அசையவே இல்லை.