மாமா சிரித்த படம்

சிதம்பரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் செய்வது என் பிழைப்பு. காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, வாட்ஸ்அப்பில் வந்த பொடிப் படத்தை நீட்டினால் எரிந்து விழுவேன். "ஒரிஜினல் இல்லாம வந்து உசுர வாங்காதீங்க" என்பேன். அந்த வாய்க்கொழுப்புக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் அக்கா புருஷனுக்குக் காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு. கேமராவைக் கண்டாலே விறைத்துக்கொள்வார். கல்யாண ஆல்பத்தில்கூட யாரோ மிரட்டி நிற்கவைத்ததுபோலத்தான் இருப்பார். திருவந்திபுரத்தில் அவர்கள் குழந்தைக்கு மொட்டையடித்த அன்று, அது சந்தனக் கையால் அவர் சட்டையைப் பிசைந்தது. வாய்விட்டுச் சிரித்தார். சட்டென்று எடுத்துவிட்டேன். அவர் சிரித்தபடி இருக்கும் ஒரே படம் அது. கணினியில் ஏற்றிவிட்டு, கேமரா கார்டை நான் படமெடுக்கப்போகும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் டிரைவிங் லைசென்ஸை ஆன்லைனில் புதுப்பிக்கக் கடைக்கு வந்தார். புதுப் படம் எடுக்கலாம் என்றால் வேண்டாம் என்றார்.

"அதான் ஒன்னு இருக்கே மச்சான். சிரிச்ச மூஞ்சிக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டாங்களா? சீக்கிரம் முடி, பஸ்ஸு போயிடும்."

இணையதளம் இருபது கேபிக்கு மேல் ஏற்காது. முகத்தை மட்டும் வெட்டி, சுருக்கி, சேமித்தேன். பழைய படத்துக்குப் பதிலாக இதை வைக்கவா என்று கணினி ஒழுங்காகத்தான் கேட்டது. ஈயை விரட்டுவதுபோல 'ஆம்' என்று தட்டினேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான்.

மாசியில், தோப்புக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெருமுனையில் பேனர் வைக்க வேண்டும். "அந்தச் சிரிச்ச படத்தப் போடுடா. வேற எதுவும் வேணாம்" என்றாள் அக்கா. கோப்பைத் திறந்தேன். தபால்தலை அளவுக்கு இருந்தது.

முதலில் அவர் பெயரை அடித்து ஆறடிக்கு இழுத்தேன். எழுத்து என்பது கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்ற கணக்குதான். எவ்வளவு பெரிதாக்கினாலும் கணினி புதிதாக வரைந்துகொள்ளும். பெயர் கத்திபோல் கூர்மையாக நின்றது. முகத்தை இழுத்தேன். போட்டோ வெறும் நிறக் கட்டங்கள். சுருக்கும்போது தூக்கிப் போட்ட கட்டம் திரும்பி வராது. மாமாவின் பல் எது உதடு எது என்று எனக்கே தெரியவில்லை.

படத்தைத் தெளிவாக்கும் ஏஐ ஒன்றில் போட்டேன். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. அக்கா நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாருடா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஒரிஜினல் இருந்த கார்டு கெட்டுப்போச்சுக்கா" என்றேன். "நீ என்னா பண்ணுவ, பாவம்" என்று என் தலையைத் தடவினாள். அந்தக் கார்டைக் கேட்டாள். மேஜையில் கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பேனரில் கல்யாண ஆல்பத்து விறைத்த முகம்தான் போனது.

போன வாரம் ஒரு மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே பஸ் இரைச்சல்.

"டேய், கெட்டுப்போன கார்டுலேர்ந்து படம் எடுத்துக் குடுக்குறாங்கன்னு சொன்னாங்க, கடலூர் வந்திருக்கேன். கடைக்காரரு பாத்தாரு. இது நல்லாத்தான் இருக்காம்டா, கெடவே இல்லியாம். உள்ள யார் யார் கல்யாணமோ இருக்காம். அவசரத்துல மாத்திக் குடுத்துட்டியா?"

ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரை நிறுத்தினேன்.

"பரவால்லடா. நீ பொறுமையாத் தேடி அந்தக் கார்ட எடுத்துட்டு வா. கடை ராத்திரி வரைக்கும் இருக்குமாம். நான் இங்கியே நிக்கிறேன்."