நாலு செருப்பு

என் அப்பாவுக்கு ஊரில் ‘நாலு செருப்பு’ என்று பெயர். காலில் இரண்டு, முட்டில் இரண்டு. முழங்காலை எங்கள் பக்கம் முட்டு என்றுதான் சொல்வோம். பெயர் வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் அதைக் கேட்டு அதிகமாகக் கூசியது நான்தான். அப்பா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அப்பா டைல்ஸ் போடுகிற வேலை. எங்கள் ஊர், கருங்கல் என்ற ஊருக்குப் பக்கம். இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ, நான் ஐந்தாம் வகுப்பு. கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்களெல்லாம் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். மொசைக் தரை போட்டவர்கள்கூட அதை உடைத்து டைல்ஸுக்கு மாறினார்கள். அப்பாவுக்கு ஒருநாள் ஓய்வு கிடையாது. டைல்ஸ் வேலை என்றால் நாள் முழுக்க முட்டுகுத்தி நிற்பதுதான். வீட்டுப்பாடம் எழுதாததற்கு டீச்சர் பத்து நிமிடம் முட்டுகுத்த வைத்தால் நாங்கள் ஊரைக் கூட்டிவிடுவோம். அப்பா காலை எட்டரைக்கு முட்டுகுத்தினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் நிமிர்வார்.

அந்த வருடம் ஜனவரியில் அவருடைய வலது முட்டு தென்னங்குரும்பை அளவுக்கு வீங்கிவிட்டது. நாகர்கோவிலில் ஒரு எலும்பு டாக்டர் ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார். தொழிலை விடச் சொன்னால் நீ விடமாட்டாய், வெறும் தரையில் மட்டும் முட்டை வைக்காதே, மெத்தென்று எதையாவது கட்டிக்கொள், அரைமணிக்கு ஒருதடவை எழுந்து காலை உதறு, இல்லையென்றால் ஐம்பது வயதில் கம்பு ஊன்றித்தான் நடப்பாய் என்றாராம். அப்பா ஒரு மாதம் படுத்துக் கிடந்து எழுந்ததும், முதல் வேலையாக ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பை எடுத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டினார். நடுவில் முட்டுச் சிரட்டை படாதபடி கிண்ணம்போலக் குடைந்துவிட்டார். சைக்கிள் டியூபைக் கீறி வாராக்கினார். நீல நிறச் செருப்பு, கறுப்பு வார்.

வேலையிலும் டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார். நாலு வரி டைல்ஸ் பதித்ததும் எழுந்து வாசல்வரை போய்க் காலை உதறிவிட்டு வருவார். டைல்ஸ் பெட்டியைத் தனியாகத் தூக்க மாட்டார், ஆள் வரும்வரை நிற்பார். கூட வேலை செய்கிறவர்கள் விடுவார்களா?

“ஓய், நாலு வரிக்கு ஒரு உலாத்தலா?”

“முட்டு வாடகைக்குக் கிடைக்காதுல்லா” என்பார் அப்பா.

அவருக்கு வெட்கமே இல்லை. அவருக்கும் சேர்த்து நான் வெட்கப்பட்டேன். சாயங்காலம் டீக்கு விடுகிற நேரத்தில் வந்துதான் என்னை வீட்டில் கொண்டுவிடுவார். ஒருநாள் அவசரத்தில் முட்டுச் செருப்பைக் கழற்ற மறந்து, மடித்துக்கட்டிய கைலியோடு அப்படியே மொபெட்டில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடமே பார்த்தது. என் பெஞ்சில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை மறுநாள் கேட்டாள்: “கோயிலுக்கு வந்தா உங்கப்பா எத்தன செருப்பு கழத்துவாரு?” பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அவள் வீட்டிலும் டைல்ஸ் போட்டது அப்பாதான். வீட்டுக்கு வந்து நான் சோறு தின்னாமல் அழுதேன். அதற்குப் பிறகு அப்பா பள்ளிக்கூட வளைவிலேயே வண்டியை நிறுத்தி, முட்டுச் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் வாசலுக்கு வருவார்.

இதற்கிடையில் அம்மா ஒரு காரியம் செய்துவைத்திருந்தாள். அப்பா படுத்துக் கிடந்த மாதத்தில் சாலையோரத்தில் சிலுவை நிற்கும் அந்தோணியார் குருசடியில் போய் ஒரு நேர்ச்சை நேர்ந்துவிட்டாள். முட்டு நல்லாகிவிட்டால், ஜூன் மாதத் திருவிழாவுக்குக் குருசடியிலிருந்து கோயில் பீடம்வரை அப்பா முட்டிலேயே நடந்து வருவார். அப்பாவிடம் கேட்கவில்லை. கொடியேற்றத்துக்கு முந்தின வாரம்தான் மெதுவாக விஷயத்தை எடுத்தாள்.

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “ஏட்டி, முட்டு நல்லாச்சுன்னா முட்டுல நடக்கேன்னு நேந்தா அந்தோணியாருக்கே சிரிப்பு வராதா? பல்லுவலி மாறுனா பல்லால கயிறு இழுக்கேன்னு நேர வேண்டியதுதானே.”

“இஞ்ச பாருங்க, நேர்ச்சயில விளையாடக்கூடாது” என்றாள் அம்மா. கண் நிறைந்துவிட்டது. “எனக்க பேருல நேந்திருந்தா நானே நடந்திருப்பேன். அப்ப எனக்கு புத்தி ஓடல்ல.”

அம்மாவின் கண்ணீருக்கு முன்னால் அப்பாவின் நியாயம் என்றைக்கும் நின்றதில்லை. சரி என்றார். திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் அம்மா கிணற்றடியில் அந்த முட்டுச் செருப்புகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சிமெண்டுக் கறை போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். எதற்கு இந்தக் கழுவல் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் ஞாயிறுதோறும் நடக்கும் மறைக்கல்வி வகுப்பின் பரீட்சையில் எங்கள் கோயில் பங்கிலேயே முதலாவதாக வந்த பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் சாரல். குருசடியில் மெழுகுதிரி கொளுத்தி, அப்பா முட்டுகுத்தி நடக்க ஆரம்பித்தார். புது வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் அம்மா முக்காடு போட்டுக் குடை பிடித்து வந்தாள். முன்னால் நான். அம்மாவின் குடையைத் தாண்டிப் பாதிச் சாரல் அப்பாவின் வேட்டியில்தான் விழுந்தது. கோயில் வளவு வாசலில் நல்ல கூட்டம். எல்லாரும் அங்கேதான் செருப்பைக் கழற்றிப் போடுவார்கள். அந்தச் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் என் பெஞ்சுப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னைக்கு எத்தன கழத்துவாரு?”

“இன்னைக்கு ஒண்ணும் போடல்ல. நேர்ச்சையாக்கும்” என்றேன் தலையை நிமிர்த்தி.

அவள் குனிந்து பார்த்தாள். “பின்ன அது என்னது?”

நனைந்த வேட்டி முட்டில் ஒட்டிக்கொண்டு, உள்ளே நீல நிறம் பளிச்சென்று தெரிந்தது. எனக்குக் காது இரண்டும் பற்றிக்கொண்டு எரிந்தது. செருப்போடு கோயிலுக்குள் வருகிறார்! கடவுளை ஏமாற்றுகிறார்! அதைவிட, இவளுக்கு முன்னால் என்னை இப்படி ஆக்கிவிட்டாரே! மூன்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்று இன்றைக்கு என்னைக் கேட்டால், மூன்றாவதுதான். ஆனால் வாயில் வந்தது கடவுள். வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த, கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடியான உபதேசியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“உபதேசியாரே, அப்பா முட்டுல செருப்பு போட்டிருக்காரு.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக்கூடாதா, சனியன்.

உபதேசியார் அப்பாவின் முன்னால் வந்து நின்றார். “ஓய், வேட்டியத் தூக்கும்.”

அப்பா தூக்கினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ ‘அந்தோணியாரே’ என்று நெஞ்சில் கைவைத்தார்கள்.

“செருப்போடயா கோயிலுக்குள்ள வாறீரு? கழத்தும்.”

“இது செருப்பு இல்ல உபதேசியாரே” என்றார் அப்பா. “மருந்து.”

“டாக்டர் சொன்னதாக்கும்” என்று அம்மாவும் பின்னாலிருந்து சொன்னாள். “வெறும் முட்டு தரையில படக்கூடாதுன்னு சொல்லியிருக்கு.”

உபதேசியார் கெட்ட மனிதர் இல்லை. குழம்பித்தான் நின்றார். அவர் விட்டிருப்பார் என்றே இன்றுவரை நினைக்கிறேன். ஆனால் அவர் என்னைப் பார்த்தார். “நீ மறைக்கல்வியில பர்ஸ்ட் வந்த பிள்ளயாக்கும். நீ பொய் சொல்லமாட்ட. சொல்லு, இது என்னது?”

அப்பா என்னைப் பார்த்தார். கெஞ்சலெல்லாம் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அறிய அவருக்கும் ஆசை இருந்தது போலிருந்தது. ஒரு வார்த்தை, ‘மருந்து’ என்று சொல்லியிருந்தால் போதும். பெஞ்சுப் பிள்ளை என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

“செருப்பு” என்றேன். மறைக்கல்விக் கேள்விக்குப் பதில் சொல்கிற அதே கணீர்க் குரலில்.

அப்பா டியூப் வாரை அவிழ்த்து, இரண்டையும் என் கையில் தந்தார். “பத்திரமா வச்சுக்க மக்களே” என்றார்.

வளவில் திருவிழாவுக்கென்று புதுச் சல்லி கொட்டியிருந்தார்கள். அதைத் தாண்டிக் கருங்கல் படி மூன்று, பிறகு நீளமான தரை. அப்பா வெறும் முட்டில் நடந்தார். பாதிச் சல்லியில் ஒருமுறை கையை ஊன்றினார். படியில் ஏறும்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வேட்டியில் இரண்டு இடத்தில் சிவப்புத் தெரிந்தது. ‘என்ன பக்தி பாத்தியா’ என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பீடத்துக்கு முன்னால் உபதேசியாரே கைகொடுத்துத் தூக்கிவிட்டார். இவை எதையும் நான் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை, பிறகு கேட்டு அறிந்ததுதான். அந்த முட்டுச் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்ததால், வளவு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஓடையில் வீசிவிட்டு அப்புறம்தான் கோயிலுக்குள் ஓடினேன். அப்பா கேட்டபோது, காணவில்லை என்றேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று சொல்வார்கள். கல்லுக்குக்கூட அன்றைக்கு என்னைவிட இரக்கம் இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில், திருவிழாவில் யாருக்கெல்லாம் வரம் கிடைத்தது என்று சிஸ்டர் கேட்டார். நான் எழுந்து நின்றேன். என் அப்பாவுக்கு முட்டுவலி இருந்தது, நேர்ச்சையன்று செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் முட்டில் பீடம்வரை போனார், வலி அந்த நிமிடமே போய்விட்டது, இனி அவருக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று சாட்சி சொன்னேன். வலி போனதாக அப்பா சொல்லவே இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் வேலைக்கே போகவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. சிஸ்டர் கைதட்டச் சொன்னார், எல்லாரும் தட்டினார்கள். பெஞ்சுப் பிள்ளையும் தட்டினாள். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது இரண்டு மூன்று பெரியவர்கள்கூட என்னை நிறுத்தி விவரம் கேட்டார்கள். அவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா முற்றத்தில் ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் அம்மாவின் பழைய செருப்பு ஒரு ஜோடி. ஒன்றில் பென்சில் கோடு போட்டு முடித்திருந்தார். கையில் கத்தி. மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்கு ஏறவேண்டும்.

நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் சொன்னது, கைதட்டல், பெரியவர்கள் கேட்டது. அப்பா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“எல்லாரும் கேட்டாங்களா?”

“பங்கே கேட்டுது.”

“இனி முட்டுல ஒண்ணும் கெட்டமாட்டேன்னு சொல்லிப்போட்டியா?”

“ஆமா.”

“நல்லா சொன்னியா? திக்காம?”

“திக்கவே இல்லப்பா.”

“அப்ப சரி” என்றார். கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டார். பென்சில் கோட்டை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, செருப்பைக் கொண்டுபோய் நடையில் வைத்தார். அம்மா உள்ளேயிருந்து வந்து, “வெட்டல்லியா?” என்று கேட்டாள்.

“எதுக்கு? நேர்ச்ச பலிச்சிட்டுல்லா” என்றார்.

அதற்குப் பிறகு அவர் முட்டில் எதையும் கட்டவில்லை. ஊரெல்லாம் வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் என் வகுப்புப் பிள்ளை யாராவது ஒருத்தி இருப்பாள். அவர் கட்டினால் நான் பொய் சொன்னவள் ஆவேன். இந்தக் கணக்கு எனக்குப் புரிய இன்னும் எட்டு வருடம் ஆயிற்று. அப்போது புரிந்ததெல்லாம், என்னை யாரும் கேலி செய்யவில்லை என்பது மட்டும்தான். நாலு செருப்பு என்ற பெயரே ஊரில் மறைந்துபோயிற்று. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா ஒரு புதுப் பழக்கம் பிடித்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்களோடு தரையில் பாயில் உட்காரமாட்டார். அடுக்களைச் சுவரில் சாய்ந்து, தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிடுவார். ஏன் என்று கேட்டேன். நின்று தின்றால் நன்றாகச் செரிக்கும் என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. நானும் தட்டை எடுத்துக்கொண்டு போய், அவரைப்போலவே ஒரு காலில் பாரத்தைப் போட்டு, சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் இடது காலை ஊன்றினால் நானும் இடது கால். உட்கார்ந்து தின்னு என்று அம்மா என்னை ஒருமுறைகூட அதட்டவில்லை. மீனும் சோறும் கொண்டுவந்து அப்பாவுக்கு விளம்பினாள், எனக்கும் விளம்பினாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப்போனாள். அம்மாவுக்கு எங்கள் விளையாட்டு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவரும் கண்ணடித்தார்.